குரல் போன ஐந்து நாள்

போன பங்குனியில் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்துக்கும் மாடிப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெயிலைத் திறந்து பார்ப்பேன். முருகனடியார்களே, அந்த நாட்களில் நான் கும்பிட்டது கும்பிடே இல்லை, நச்சரிப்பு.

தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பதினோரு வருடம் புடவை விரித்துப் போட்டவன் நான். கடைக்கு ஆப் வந்தபோது, வாடிக்கையாளர் எங்கே திணறுவார் என்று இவனுக்குத்தான் தெரியும் என்று என்னை அந்தப் பக்கம் மாற்றினார்கள். வீடியோ பார்த்தே ஆப்பின் திரைகளை வடிவமைக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு முறையாகப் படிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. மென்பொருளை மனிதர்களுக்கு ஏற்றபடி வடிவமைக்கத் தரமணியில் ஒரு முதுகலைப் படிப்பு. எனக்கோ முப்பத்து நான்கு வயது. என் மனைவி மீனா, "இந்த ஒரு தடவ பாருங்க. கெடைக்கலேன்னா விட்டுடணும்" என்று சொல்லியிருந்தாள்.

நாம் செய்த திரையை ஐந்து பேர் பயன்படுத்துவதைப் பார்த்து எழுத வேண்டும். சேர்க்கைக்கு அதுதான் சோதனை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்கள் அடையாறு வீடுகளிலிருந்து ஆர்டர் வாங்க ஒரு ஆப் செய்திருந்தேன். ஐவரும் கடகடவென்று முடித்தார்கள் என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. "நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் செய்திருக்கிறார்கள். அவர்களாக என்ன செய்தார்கள்? பத்து நாளில் மறுபடி அனுப்புங்கள்."

கடைப் பழக்கம். எங்கள் மேனேஜர் அண்ணாச்சி சொல்வார்: "வந்தவங்க கை தயங்குச்சுன்னா ஒன் வாய் தயங்கக் கூடாதுல." யாராவது விரலை அந்தரத்தில் நிறுத்தினால் என்னால் தாங்க முடியாது. மறுபடி போனேன். "அங்க அமுத்துங்கக்கா" என்று மறுபடி சொல்லித் தொலைத்தேன்.

கிருத்திகையன்று சந்நிதியில் அழுதேன். முருகா, இந்த இடத்தை எனக்கு வாங்கிக் கொடு. மறுநாள் காலையில் தொண்டை கட்டிக் குரல் அறவே போய்விட்டது. "அஞ்சு நாள் கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது" என்றார் டாக்டர். அறிக்கை அனுப்ப மீதம் இருந்ததே அந்த ஐந்து நாள்தான். கோபத்தில் நான் விளக்குகூட ஏற்றவில்லை. மீனாதான் ஏற்றினாள். "இத்தன வருஷம் நீங்கதான் பேசுனீங்க. அஞ்சு நாள் அவர் பேசட்டுமே" என்றாள்.

வேறு வழியின்றிப் பட்டினப்பாக்கம் போனேன். மீன் விற்கும் செல்வியக்காவிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டிப் போனை நீட்டினேன்.

"இன்னா நைனா, வாய்ல கொழுக்கட்டையா? நல்லதாப் போச்சு. போன வாட்டி காது வலிச்சிக்கினு வூட்டுக்குப் போனேன்."

விலை கேட்கும் கட்டத்தில் விரல் நின்றது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அக்கா போனை மடியில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்: "காலைலயே வெல போடச் சொல்து பாரு. வெயில் ஏற ஏற வெல எறங்கும். அத இப்பவே எப்டிப் போட்றது?"

முதல் இரண்டு முறையும் இதே அக்கா என் நச்சரிப்புக்காக ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருந்தாள். மற்ற நால்வரும் அதே கட்டத்தில்தான் நின்றார்கள். ஈர விரலுக்குத் திரை மசியவே இல்லை. முன்பெல்லாம் நானே துடைத்துக் கொடுத்திருக்கிறேன். கண்டதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார்: "இந்த முறை எப்படிப் பேசாம இருந்தீங்க?"

"நான் எங்க சார் இருந்தேன்? முருகன் தொண்டைய அடச்சிட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். வைகாசியில் இடம் கிடைத்தது.

மனம் இன்னும் அலைகிறதுதான். பாடங்கள் கடினம், கூடப் படிப்பவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். ஆனால் சந்நிதியில் கேட்க வேண்டியதை ஒரு வரியில் கேட்டுவிட்டு, இப்போது சும்மா நிற்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரானது வந்து நின்றால், அவன் கைவிட்டான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். தனியாகப் பொறுக்க முடியவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழிபாட்டுக்கு வாருங்கள். பக்கத்தில் நிற்கிறேன். நான் பேச்சுக் கொடுத்தால் மட்டும் தோளில் ஒரு தட்டு தட்டிவிடுங்கள்.