பாயை விட்டு எழாத நாட்கள்

காலையில் இட்லி மாவுக் குண்டானைத் தூக்கப் போனேன். விரல்கள் மடங்கவில்லை. அடுப்பருகே கையைக் காட்டியபின் ஒருவழியாக மடங்கின. பிள்ளை பெற்ற உடம்பு, குளிர் ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போகப் போக முட்டியும் வீங்கியது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி எங்கள் செருப்புக் கடை, பின்னாலேயே வீடு. தொழுது முடித்தால் பாயை விட்டு எழ முடியாது. முதலில் முட்டி விடவில்லை. பிறகு முட்டி விட்டாலும் மனசு விடவில்லை. பசி இல்லை, பேச்சு இல்லை. டி.வி. நாடகத்துக்கு உயிரை விடுகிறவள் நான். அந்தப் பெட்டிப் பக்கம் தலைகூடத் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து ரமலான் வந்தது. வீட்டில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? எனக்கு இறையச்சம் கூடிவிட்டதாம்! மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "எம் மருமவ எந்நேரமும் பாய்லயே கீது. அல்லா அது மனச திருப்பிட்டான்" என்று பூரித்துப் போனார்.

துஆ (இறைவனிடம் வேண்டுதல்) கேட்கிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாதே. என்னைத் தாண்டிப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். பிள்ளைகளைத் தெருவுக்கு விரட்டினார்கள். அடப்பாவிகளா, ஒருத்தராவது பக்கத்தில் வந்து உட்காரக் கூடாதா என்று உள்ளுக்குள் கதறினேன். வாய் திறந்து சொல்லத் தெம்பில்லை. மெச்சி மெச்சியே என்னைத் தனியாக விட்டார்கள்.

பெருநாள் முடிந்ததும், முட்டி வீக்கத்துக்காகக் கணவர் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். ஈ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், உடம்பில் அழற்சி இருந்தால் கூடும்) எகிறியிருந்தது. முடக்குவாதம் (நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார் டாக்டர்.

"சாப்பாடு, தூக்கமெல்லாம் எப்படிம்மா?"

என்னை முந்திக்கொண்டு கணவர், "ஒரு கொறையும் இல்ல டாக்டர். எந்நேரமும் தொழுகைதான்" என்றார்.

டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

"பாய்ல உட்கார்ந்து என்ன கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்கறதில்லம்மா. எந்திரிச்சி இன்னா பண்ணப் போறோம்னு ஒக்காந்துக்கினு இருப்பேன்."

"செத்துடலாம்னு தோணுதா?"

யாரும் அதுவரை கேட்டதில்லை. "காலைல முழிக்காம போய்ட்டா தேவலன்னு இருக்கும்" என்றேன். சொன்னதும் அழுகை பொங்கிவிட்டது.

ஏதாவது செய்துகொள்ள நினைத்ததுண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன். வலிக்கும் நாளில் மனசும் மோசமாகிறதா என்று கேட்டார். யோசித்தால் அப்படித்தான். தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று தனியே பார்த்தார்.

பிறகு கணவரை உள்ளே அழைத்தார். "இவங்களுக்கு மனச்சோர்வு (மருந்து தேவைப்படும் அளவுக்கு மனம் வாடிப்போகும் நோய்) இருக்கு. உடம்புல அழற்சி (நோயெதிர்ப்பால் வரும் வீக்கமும் சூடும்) இருந்தா சிலருக்கு அது மனசையும் பிடிக்கும். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் சேர்த்தே மருந்து தரணும்."

மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆனது. வீக்கம் வடிந்தது. ஒரு நாள் குழம்பில் உப்பு கம்மி என்று எனக்கே தெரிந்தது. அப்பாடா, நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது என்றிருந்தது.

அடுத்த மழையில் வீக்கம் திரும்பியது. கூடவே அந்த இருட்டும். இந்தத் தடவை நடுப்பகலில் கடைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னா ஆச்சு?"

"திரும்ப அந்த நெனப்பு வருது. பயமா கீதுங்க."

அவர் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். "நான் இன்னா பண்ணட்டும்?"

"நாளைக்கி டாக்டராண்ட கூட்டிக்கினு போங்க. இப்ப ஒண்ணும் பண்ண வேணாம். பேசிக்கினு இருங்க."

பாவம், அவருக்கு என்ன பேசத் தெரியும்? எந்த ரப்பர் சீக்கிரம் தேயும், எந்த ஊர்க்காரர் பேரம் பேசியே கொல்வார் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் வீங்கிய கைகளை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை நான் உயிரோடு இருந்துவிட்டேன்.