அப்பா எழுதிவைக்கப் போன சொத்து

அப்பா மரண சாசனம் எழுத முடிவெடுத்தார். எழுதிவைக்க அவரிடம் இருந்தது ஒரு லயக் காம்பரா, தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை. அதுவும் தோட்டக் கம்பனிக்குச் சொந்தம். மற்றபடி எந்தக் குறையும் இல்லை.

நமுனுகுலவில் பஸ் ஏறும்போது, ஓய்வுபெற்ற கங்காணியான அப்பா, காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி எண்ணுவதுபோல் எங்களை எண்ணினார். அவர், நான், என் தங்கையின் ஒன்பது வயது மகள். மூன்று பேரை இரண்டு தடவை எண்ணினார்.

தங்கை குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். போன மாதம் அப்பா நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதிலிருந்து அவருக்கு ஒரே கவலை. "நானும் அம்மாவும் போயிட்டா புள்ளய யாரு பாக்குறது? எழுதி வச்சிரணும்." நல்ல யோசனைதான். ஒன்பது வருடம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

பதுளையில் சட்டத்தரணி பொறுமையாகக் கேட்டார். காம்பராவை எழுதிவைக்க முடியாது என்றார்.

"நாப்பது வருசமா தகரத்து ஓட்டைய அடைச்சது நானுங்க."

"அடைச்சீங்க. ஆனா தகரம் கம்பனியோடது."

அடுத்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்.

"பெத்த தாய் குவைத்துல இருக்காங்கன்னீங்க. இதுல தாய்னு இருக்கிறது உங்க அம்மா பேராச்சே?" என்று என்னிடம் கேட்டார்.

அப்பா மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். நான்தான் சொன்னேன். தங்கையின் புருஷன் கலியாணத்தைப் பதியாமலே காணாமல் போனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வருவதற்குள் பிள்ளை லயத்திலேயே பிறந்தது. கைக்குழந்தைக்காரியை வெளிநாட்டுக்கு விடமாட்டார்கள் என்று யாரோ ஓதிவிட, அப்பா நேரே தோட்டத்து ஆபிசுக்குப் போய்த் தன் பிள்ளை என்றே பதிந்துவிட்டார். அம்மாவுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. ஆபிசில் கைகுலுக்கி வாழ்த்தினார்களாம். அப்பா வெட்கப்பட்டாராம்.

"சட்டப்படி இவ உங்க தங்கச்சி," என்றார் சட்டத்தரணி. "பெத்தவ வெறும் அக்கா. திரும்பி வந்து புள்ளயக் கேட்டா, காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்ல. பொய்யாப் பதிஞ்சேன்னு அப்பா கோர்ட்ல சொன்னாத்தான் இதைத் திருத்த முடியும்."

"கங்காணி பொய் சொன்னான்னு தோட்டமே சிரிக்கவா? இவளையே பாதுகாவலராப் போட்டு முடிச்சிருங்கய்யா," என்று என்னைக் காட்டினார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. அங்கே தங்கை யார் யார் பிள்ளைகளையோ குளிப்பாட்டுகிறாள். இங்கே இவர் தன் மானத்தைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் வாயைத் திறக்க எனக்கென்ன யோக்கியதை? பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அதே பொய்யை அழகான கையெழுத்தில் நிரப்பியவள் நான். ஆசிரியை வேறு.

சட்டத்தரணி பிள்ளையிடம் குனிந்தார். "உங்க அம்மா யாரும்மா?"

அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, பள்ளிக்கூடத்துல சொல்றத சொல்லவா, வீட்டுல சொல்றத சொல்லவா?"

அப்பா சட்டைப்பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் பொய் சொன்னேன்னு எழுதுங்கய்யா," என்றார். "எங்க கையெழுத்து வைக்கணும்?"