பிரான்சில் படுத்திருந்த வைரவர்

எங்கள் நாய் ஜிம்மி காணாமல் போன கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சோறும் இறங்கவில்லை. முள்ளியவளை ஒழுங்கைகளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரிந்து தொண்டை கட்டியதுதான் மிச்சம். என் அழுகையை நிறுத்த வழி தெரியாத அம்மா, பிரான்சில் இருந்த தன் தம்பியை வீடியோவில் பிடித்தார். சின்ன மாமா அப்போது ஒரு பழைய பெரிய தேவாலயத்துக்குள் நின்றார். எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனவர், மல்லாந்து படுத்திருந்த ஒரு கல் மனிதரிடம் வந்தார். இரும்புக் கவசம், கூப்பிய கைகள், திறந்த கண்கள். காலடியில் ஒரு கல் நாய்.

அம்மா எழும்பி நின்று கும்பிட்டார்.

“இது வைரவரெல்லோ தம்பி! நாய் கிடக்குது பார்.”

“ஐயோ அக்கா, இது ஆரோ பிரபுவின்ர கல்லறை.”

வைரவர் உடுப்பில்லாமல் நிற்கிறவர் அல்லவா என்று நானும் கேட்டேன்.

“அந்தக் குளிருக்குள்ள உடுப்பில்லாமல் நிக்கேலுமோ? அதுதான் போட்டுக்கொண்டு படுத்திட்டார்” என்ற அம்மா, ஜிம்மி வந்தால் வடைமாலை சாத்துவதாக அந்த இடத்திலேயே நேர்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, நெடுங்கேணியிலிருந்து வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில், வீதியுலா வரும் சுவாமி மாதிரி ஜிம்மி வந்து இறங்கியது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். வினை மாமாவுக்குத்தான்.

“நேர்த்தி பிழைச்சால் பிறகு என்னைக் கேளாதை” என்று அம்மா வெருட்டினார். பாவம், மனிதன் தமிழ்க் கடையில் வாங்கிய வடைகளை நூலில் கோத்து, கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போனார். வீடியோவில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மாலையை வெளியே எடுத்ததுதான் தாமதம், காவலாளி வந்துவிட்டார். மாமா பயத்தில் ஒரு வடையைக் கழற்றி நீட்டினார். காவலாளி மோந்து பார்த்தார், கடித்தார், இன்னொன்றுக்குக் கை நீட்டினார். படையல் ஒருவர் வயிற்றுக்குப் போனதால் நேர்த்தி தீர்ந்தது என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். வயிறு நோகச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகு அம்மா கேட்டார்: “தம்பி, கல்லில அவரின்ர பேர் வெட்டியிருக்கோ?”

“ஓம் அக்கா, சுத்திவர இருக்கு. எழுநூறு வருசமாம், இன்னும் அழியேல்லை.”

“கிட்டக் காட்டு.”

மாமா எழுத்து எழுத்தாகக் காட்டினார். அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். தெரியாத மொழியில் அம்மா எதைத்தான் வாசிக்கிறார் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது; ஜிம்மியின் மூஞ்சியைப் போனுக்கு முன்னால் பிடித்தேன். அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் மூத்தவரான பெரிய மாமா முள்ளிவாய்க்காலில் மண்ணுக்குப் போனவர். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.