கரையைப் பார்த்துவிட்டு வந்து வாசித்த செய்தி

போன மாதம் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இதழியல் படிக்கிற பிள்ளைகள். படிப்பு முடிந்து செய்தி வேலைக்குப் போகப்போகிறவர்களுக்கு ஏதாவது புத்தி சொல்லுங்கள் என்று துறைத்தலைவி போனில் கேட்டபோது, எனக்கே யாராவது சொன்னால் தேவலை என்றுதான் வாயில் வந்தது. அந்த அம்மாள் ரொம்ப மரியாதையாகப் பேசியதால் அடக்கிக்கொண்டேன். சென்னை பஸ்காரர் டவுனுக்குள் போக மாட்டேன் என்று என்னை நாலு ரோட்டிலேயே உதிர்த்துவிட்டுப் போனார். வெயிலில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு பையன் வந்து காலர் மைக்கை நீட்டினான். "மேடம், இத மாட்டிக்குங்க. கொஞ்சம் மேல." மாட்டும்போது மைக்கின் கறுப்புப் பஞ்சு மூக்குக்குக் கிட்டே வந்தது. எத்தனையோ பேர் மூச்சும் வியர்வையும் பவுடரும் ஏறி ஊறிப்போன ஒரு வாசனை. மைக் எவ்வளவு புதிதானாலும் அந்தப் பஞ்சு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் மணக்கிறது. அவ்வளவுதான், நான் பெரம்பலூரில் இல்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், எவர்சில்வர் பாத்திரக்கடை மாடியில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாடிதான் எங்கள் உள்ளூர் கேபிள் டிவியின் ஸ்டுடியோ. சுவரில் நீலத்துணி ஒன்றை ஆணியடித்து மாட்டியிருக்கும். அதற்கு முன்னால் மேசை, மேசைக்குப் பின்னால் நான். மின்விசிறி ஓடினால் மைக்கில் இரையும் என்பதால் செய்தி முடிகிறவரை வேர்த்து ஊற்றும். கீழே கடையில் யாராவது குடம் வாங்கினால் ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். அந்த 'ணங்' செய்தியில் விழும். கலெக்டர் மனு வாங்கினார், ணங். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் விட்டுப்போன வெள்ளைத்தூசியை என் முகத்தில் பவுடரோடு சேர்த்துத் துடைப்பேன். எது பவுடர், எது சுண்ணாம்பு என்று எனக்கே தெரியாது. ஊரில் என்னை எல்லோரும் நல்ல சிவப்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேபிள்காரரை அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தன் ஒயர் தா.பழூர் தாண்டியும் போகிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கேமராமேன் அந்தோணி, ஏலாக்குறிச்சிக்காரர். கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை. அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டினாலும் அந்தோணியின் வீடியோவில் அமைச்சர் முகம் ஒரு இதயத்துக்குள்ளே தோன்றி, ரோஜா இதழாக உதிர்ந்து மறையும். அண்ணன் திட்டினால், "நல்லாத்தானேண்ணே இருக்கு" என்பார். உண்மையைச் சொன்னால் எனக்கும் நல்லாத்தான் இருந்தது.

கேசட் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் இன்று நான் வாசித்த செய்தியின் மேலேயே நாளைக்கு யார் வீட்டுக் காதுகுத்தையோ அந்தோணி பதிவு செய்துவிடுவார். அந்த வருஷங்களில் நான் வாசித்த செய்தி ஒன்றுகூட இன்று எங்கும் கிடையாது. அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் யார் யாரோ வீட்டுப் பரண்களில், தாலி கட்டுகிற காட்சிக்கு அடியில் நான் இருக்கிறேன். சில சமயம் அதை நினைத்தால் தூக்கம் வருகிற மாதிரி ஒரு சுகமாக இருக்கும்.

கல்லூரியில் பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும், தமிழை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா, வேலைக்குச் சேர எத்தனை ஃபாலோயர் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு நான் துறைத்தலைவியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். முன் வரிசையில் ரெட்டைஜடைப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், நீங்க வாசிச்சதுலயே பெரிய நியூஸ் எது?" என்றாள். அங்கே சுருக்கமாகச் சொன்னேன். உங்களுக்கு என்ன அவசரம், விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஆடி மாதம். எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. மேற்கே எங்கேயோ பெய்து, மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். பளீரென்று வெயில் அடிக்கும்போதே ஆறு கரையைத் தொட்டு ஓடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேகமே இல்லாத வெள்ளம். கனவில் வருகிற ஆறு மாதிரி சத்தமே இல்லாமல் போகும். அந்த அமைதிதான் பயம்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது தா.பழூர்ப் பக்கம், கரைக்கு அடியிலேயே இருந்த ஒரு ஊரில். நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம். அக்காவுக்குப் பிள்ளை பிறந்து தலை நின்றிருக்காது. மாமா வெளியூரில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவளும் மாமியாரும் குழந்தையும்தான்.

மத்தியானம் ஸ்டுடியோவில் போன் அடித்தது. கரை உடைந்துவிட்டது என்றார் ஒருவர். வைத்தவுடன் இன்னொருவர். அண்ணன் எழுந்துவிட்டார். "ஏம்மா, படத்துக்குக் கீழ எழுத்து ஓடவுடு. கொள்ளிடக் கரை உடைஞ்சதுன்னு எழுது. ஜனங்க ஓடித் தப்பிக்கட்டும்."

"பாத்தது யாருண்ணே?"

"இத்தினி பேரு போன் பண்றாங்க, நீ என்னமோ..."

உடைந்திருந்தால் நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் என் அக்கா பிள்ளையோடு தண்ணீரில் நிற்பாள். உடையாமல் இருந்து, உடைந்தது என்று நான் போட்டால் கரையோரம் மொத்தமும் விழுந்தடித்து ஓடும். ஓட்டத்தில் யார் விழுவார்கள், யார் மிதிபடுவார்கள், யாருக்குத் தெரியும்? "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடறண்ணே" என்றேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்தோணியிடம் வண்டிச் சாவியைத் தூக்கிப் போட்டதும் அவர்தான்.

விக்கிரமங்கலம் தாண்டியதும் எதிரே டிராக்டர்கள் வர ஆரம்பித்தன. கட்டில், ஆடு, நெல்மூட்டை, மூட்டைமேல் டிவிப் பெட்டி, பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி பிள்ளைகள். ஒரு டிராக்டரை நிறுத்திக் கேட்டோம்.

"உடைஞ்சிருச்சுங்க!"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலிங்க. எங்க மச்சான் சொன்னான்."

மச்சான் அடுத்த டிராக்டரில் வந்தார். அவர் பார்க்கவில்லை, டீக்கடையில் சொன்னார்களாம். டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் வந்தார். அவரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஓடுகிறார்களே என்று அவரும் கிளம்பிவிட்டாராம். அந்தோணி பின்னால் திரும்பி, "சேசுவே, ஒருத்தராச்சும் பாத்திருக்க மாட்டாங்களா" என்றார். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரை உடையவில்லை.

கரைமேல் ஏறி நின்றபோது அதை நம்பவே முடியவில்லை. காலுக்குக் கீழே ஆறு பழுப்பாக, அகலமாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு போனது. ஒரு தென்னைமரம் வேரோடு மிதந்து அவசரமில்லாமல் கிழக்கே போனது. ஆனால் மதகுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் கரை சரிந்திருந்தது. ஊர் ஆட்கள் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்புவரை நனைந்திருந்த பொதுப்பணித்துறைக்காரர் ஒருவரிடம் கேட்டேன், நிற்குமா?

"இப்ப நிக்கிதும்மா. அப்புறம் என்னன்னு நான் எப்படிச் சொல்றது?"

மணி பார்த்தேன், நாலு. திரும்பிப் பார்த்தால் கரைக்கு அடியில் அக்கா வீடு. கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓடினேன்.

அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "அத்தே, கெளம்புங்க. பள்ளிக்கூடத்து மாடிக்குப் போயிடலாம்" என்றேன் மூச்சு வாங்க.

அத்தை அசையவில்லை. "காலேலேந்து இதேதான் ஆளாளுக்குச் சொல்றாங்க. கரை உடைஞ்சிருச்சா?"

"உடையல. ஆனா சரிஞ்சிருக்கு."

"உன் டிவில என்னா சொன்னாங்க?"

"நான்தானே அத்தே அந்த டிவி. நான்தான் சொல்லணும்."

"அப்ப போயி சொல்லு. நேர்ல சொன்னா நீ மருமவ தங்கச்சி. அக்கா புள்ளைக்குப் பயந்துகிட்டுச் சொல்லுவ. டிவில உக்காந்து என்னா சொல்றியோ அதக் கேட்டுட்டு நான் கெளம்புறேன்."

நான் கெஞ்சினேன். அக்கா அழுதாள். அந்தோணி மாதாவைக் கூப்பிட்டார். அத்தை மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல், என் அக்காவுக்கு ஒரு செய்தி சொல்வதற்காக, அக்காவின் வாசலிலிருந்து அரியலூருக்குத் திரும்பிப் போனேன். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் வேறு யாருக்காவது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

வழியெல்லாம் ஒரே யோசனை. உடைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தை கிளம்பிவிடுவார், பிள்ளை பிழைத்துவிடும். ஆனால் இன்னும் டிராக்டர் ஏறாத எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும்? உடையவில்லை என்று மட்டும் சொன்னால் அத்தை மாட்டோடு அங்கேயே இருந்துவிடுவார். மணல்மூட்டை தாங்காவிட்டால்? பின் சீட்டில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே வாசித்துப் பார்த்தபடி வந்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா முகம் வந்து வாக்கியத்தைக் கெடுத்தது.

ஸ்டுடியோ படியேறும்போதே அண்ணன் கேமரா ஒயரைப் பிடுங்கி நேராகக் கேபிள் லைனில் சொருகிவிட்டார். எங்கள் ஊர் லைவ் அவ்வளவுதான். முகம் கழுவவில்லை, பவுடர் போடவில்லை. சொன்னேன்: கொள்ளிடக் கரை உடையவில்லை. நாலு மணிக்கு நான் கரைமேல் நின்று பார்த்தேன். மதகுப் பக்கம் ஒரு இடத்தில் சரிந்திருக்கிறது, மணல்மூட்டை அடுக்குகிறார்கள். நாலு மணிக்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கிற வீட்டுக்காரர்கள் வெளிச்சம் இருக்கும்போதே நிதானமாக மேட்டுக்குப் போய்விடுங்கள். என் அக்காவும் அங்கேதான் இருக்கிறாள்.

கடைசி வாக்கியம் எழுதி வைத்ததில்லை. தானாக வந்துவிட்டது. கீழே கடையில் அன்று யாரும் குடம் தட்டவில்லை.

அக்கா பிறகு சொன்னாள். அத்தை டிவிக்கு முன்னால் நின்றபடியே கேட்டாராம். முடிந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வாடி போவலாம். தெரியலன்னு சொல்லுது பாரு, அப்ப நெசமாத்தான் பாத்துட்டு வந்திருக்கு" என்றாராம். அந்த ஊரில் பலரும் அப்படித்தான், தள்ளுமுள்ளு இல்லாமல், தெருத்தெருவாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். கரை நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அதன்பிறகு எனக்கு அரியலூரில் 'நாலுமணி' என்று பெயர். பஸ்ஸில் கண்டக்டர்கூட, "என்ன நாலுமணி, மழை வருமா?" என்பார். காய்கறிக்காரி, "பாத்துட்டுச் சொல்லு பாப்பா" என்று வெண்டைக்காயை நீட்டுவாள். எனக்குக் கோபமாக வரும். உள்ளுக்குள் இனித்ததையும் மறைப்பானேன். அந்தப் பெண்ணுக்கு, அந்த ரெட்டைஜடைக்கு, நான் சொன்ன ஒரே உருப்படியான புத்தி இதுதான்: போய்ப் பார், எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று சொல், மற்றது தெரியாது என்று சொல். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் பெருமையாக மைக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவர்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த ஆடியிலும் கொள்ளிடம் நிரம்பிப் போனது. நான் இப்போது சென்னையில், வரிசையாகக் கம்ப்யூட்டர் வைத்த ஒரு ஏசி அறையில் செய்தி வேலை பார்க்கிறேன். எங்கிருந்தெல்லாமோ வருவதை எடுத்துத் திருத்திப் போடுகிற வேலை. நன்றாகத்தான் இருக்கிறேன், குறை சொல்லக்கூடாது. கேபிள் டிவி என்றைக்கோ போயாகிவிட்டது, அந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். அந்தோணி இல்லை. ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். அன்றைக்குத் தோளில் போன பிள்ளைதான் இப்போது ஆளாகிவிட்டானே, அவன் போனில் கரை உடைந்துவிட்டது என்று வீடியோவாகவும் குரலாகவும் வந்து குவிகிறதாம்.

"உங்க ஆபீஸ்லயும் போட்டிருக்கீங்கடி, 'தகவல்'னு. உடைஞ்சிருச்சா இல்லியா?"

"அது... வந்த தகவல்க்கா. கேட்டுச் சொல்றேன்."

"கேக்க வேணாம். நீ பாத்தியா?"

"நான் பாக்கலக்கா."

"சரி, ஒன் ஆபீஸ்ல யாராச்சும் பாத்தாங்களா?"

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து மும்முரமாக இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்றேன். மறுமுனையில் வெகு தூரத்தில், வயதாகி நைந்துபோன அத்தையின் குரல் கேட்டது.

"என்னாடி சொல்றா அவ?"

அக்கா போனை வாயிலிருந்து விலக்கிச் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"அவளும் பாக்கலியாம் அத்தே."