தசரதன் எங்கள் வீட்டில் மாற்றிச் செருகிய ஒயர்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் முன்னறையில் இருந்த பிரிண்டர் ஓடத் தொடங்கியது. மாடியிலிருந்து என் மகள் கல்பனா கைபேசி வழியாக எதையோ அனுப்பியிருந்தாள். வெளியே வந்த தாளில் தசரதனின் முகம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் படகு எஞ்சின் பழுது பார்த்துவந்த தசரதன் அன்று விடியலில் மாரடைப்பால் இறந்துவிட்டார். அவருடைய தங்கை மகன் படத்தை அனுப்பிப் பத்துப் பிரதி கேட்டிருந்தான். மாடியிலிருந்து அனுப்பினால் கீழே அச்சாகும்படி எங்கள் வீட்டில் இணைப்புக் கொடுத்தவரும் அவர்தான்.

அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் என்னை அஞ்சலி எழுதச் சொன்னீர்கள். நான் தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்றவன். அவர் எட்டாவதோடு படிப்பை விட்டவர். இருவருக்கும் ஒரே வயது. அவர்மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதை ஒதுக்கிவிட்டு எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

கல்பனா முன்னறையில் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். அங்கே கணினியும் பிரிண்டரும் இணையப் பெட்டியோடு ஒயரில் இணைந்தவை. மாடியில் ஒரு பழைய ரவுட்டரை மாட்டி, அந்தப் பெட்டியோடு ஒயரால் இணைத்து நான் வைஃபை கொடுத்திருந்தேன். இணையம் வந்தது, ஆனால் மாடியிலிருந்து பிரிண்டர் தெரியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தனி வலையமைப்புகள். கையேடு படித்து, மூன்று தாளில் திட்டம் எழுதி, புதுக் கருவிகள் வாங்க வேண்டும் என்று முடித்தேன். அது தவறாகிவிடுமோ என்று ஒரு மாதம் திருத்திக்கொண்டே இருந்தேன். கல்பனா பொறுத்துப் பார்த்துவிட்டு, நகல் எடுக்க வந்த தசரதனிடம் கேட்டுவிட்டாள்.

“புதுசு இன்னாத்துக்கு சாரே? இதே போதும்” என்றார். மாடிக்கு வந்து, ரவுட்டரின் நீல ஓட்டையில் நான் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கி மஞ்சள் ஓட்டையில் செருகினார்.

“அப்படிச் செய்தால் இரண்டு பெட்டியும் கருவிகளுக்குத் தனித்தனியாக முகவரி கொடுக்கும், குழம்பிவிடும்” என்றேன் மெதுவாக. கல்பனாவுக்குப் புரியவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏரில பாடு பிரிக்கிறாங்க இல்லம்மா, இன்னிக்கி இந்த எடத்துல இவன் வலை கட்டணும், நாளைக்கி அவன்னு? ஒரே ஊருக்கு ரெண்டு பேரு பாடு பிரிச்சா சண்டதான். அப்பா அதத்தான் சொல்றாரு. மேல இருக்கற பெட்டி சும்மா குந்தட்டும். கீழ இருக்கறது பிரிக்கட்டும்.”

பழைய ரவுட்டரில் முகவரி கொடுக்கும் வசதியை அணைத்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

“நீ ஏம்பா இப்டிச் சொல்லல?” என்று கல்பனா சிரித்தாள்.

‘அப்பா அதத்தான் சொல்றாரு’ என்று அவர் எனக்கும் பங்கு கொடுத்தாரே, அதுதான் அதிகம் எரிந்தது. அதன்பின் எதற்கெடுத்தாலும், “தசரதன் மாமாவக் கேக்கறேன்” என்பாள். என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மதியம் அவள் பொன்னேரிக்குப் போயிருந்தபோது, அவர் அணைத்ததை நான் மறுபடி போட்டுவிட்டேன். சோதனை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நோட்டில் நேரம்கூடக் குறித்தேன். அவள் திரும்பியபோது கைபேசியில் இணையம் இல்லை, கணினியிலும் இல்லை. மறுநாள் ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஐந்தாறு பேர் வாசலில் காத்து நின்றார்கள். அவள் எதிரில் போய் அணைத்தால் போட்டவன் நான் என்று தெரிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டேன்.

அவள் கூப்பிட்டுத் தசரதன் வந்தார். மாடி ரவுட்டரைத் திறந்து பார்த்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். அது தானாகப் போட்டுக்கொள்வதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

“கரண்ட்டு போயி வந்துச்சு இல்ல, பழைய நெலைக்குப் போயிருக்கும்மா” என்று கல்பனாவிடம் சொல்லிவிட்டு அணைத்தார். செருப்பை மாட்டும்போது என் காதருகே குனிந்தார். “சாரே, அடுத்த தபா கைய வெச்சா என்னியும் கூப்டு. சேந்தே கெடுப்போம்.”

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் என் பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய். கல்பனா இன்றும் கரண்ட்டைத்தான் குறை சொல்கிறாள். கையால் எழுதிய இதைத் தட்டச்சு செய்யப்போவது அவள்தான். அவள் இந்த வரிக்கு வரும்போது நான் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பேன்.