கிள்ளி எடுத்த காளான்கள்

நாகரத்தினம் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பத்தெட்டு வருடம் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் போயிற்று. வலது முழங்காலும் அங்கேயே போயிற்று. சரிவில் ஏற முடியவில்லை என்று, வேலைக்கு ஆள் பிரிக்கும் கிராணியிடம் சொல்லிப் பார்த்தார். "முடியலன்னா வேலைய விட்டு நின்னுக்குங்க" என்றார் கிராணி. வீட்டில் கணவர் தங்கராஜு படுத்த படுக்கை. எப்படி நிற்பார்?

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து நான் காளான் கணக்கெடுப்புக்கு ஆள் தேடி வந்தேன். தோட்டத்தை ஒட்டிய காட்டில், குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் காளான்கள் எத்தனை வகை என்று பார்க்க வேண்டும். சமமான பாதை. தினமும் ஒரு சுற்று நடந்து, அளவு தெரியப் பத்து சென் காசைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து, பறித்து, உலர்த்தி, நம்பர் போட்டுப் பொட்டலம் கட்ட வேண்டும். கிராணி ஆறு மாதத்துக்கு அக்காவை விட்டுக்கொடுத்தார். அறிக்கை நன்றாக வந்தால் வேலை இன்னும் ஒரு வருடம் நீளும்.

"நீட்டிருவாங்கதானே, ரூபினி?" என்று மாதா மாதம் கேட்பார்.

"கண்டிப்பா லா, அக்கா" என்பேன், பெரிய மனுஷி மாதிரி.

அட்டைக் கடியிலும் அடைமழையிலும் அவர் ஒரு நாள் தவறவில்லை. நான்தான் பொட்டலங்களை அள்ளிப் போனேனே தவிர, ஒன்றையாவது பிரித்தேனா? வகுப்பு, கூட்டம், அலுப்பு என்று ஆயிரம் சாக்கு. ஆறாம் மாதக் கடைசியில் அறிக்கைக்காகத்தான் பிரித்தேன். இருநூற்றுப் பதினான்கு காளானில் ஒன்றுக்கும் அடித்தண்டு இல்லை. எல்லாம் மண்ணுக்கு மேலே, கொழுந்து கிள்ளுவது போல நகத்தால் கிள்ளியவை. அடித்தண்டு இல்லாமல் பாதிக்கு மேல் இன்ன வகை என்று சொல்ல முடியாது. தோண்டி எடுக்க வேண்டும் என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீட்டிப்பு கிடையாது என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மலை ஏறிப் போனேன். அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா எல்லாத்தையும் கிள்ளியே எடுத்தீங்க?"

"வேரோட புடுங்குனா மறுபடி மொளைக்காதும்மா. கறிக்குப் பறிச்சாலும் அடிய விட்டுத்தான் பறிப்போம். அடுத்த வருஷமும் நீங்க வந்து எண்ணணும்ல? ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னா எனக்கு ஏது வேலை?"

காளானுக்கு வேர் கிடையாது, அதன் உயிர் மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவியிருக்கிறது, பிடுங்கினாலும் மறுபடி முளைக்கும் என்று சொல்ல வந்தேன். நீட்டிப்பு இல்லை என்பதை மட்டும் சொன்னேன்.

அவர் கை நின்றது. "நான் எதுவும் தப்பாச் செஞ்சிட்டேனா?"

"இல்லக்கா. மேல உள்ளவங்க வேணாம்னுட்டாங்க." என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

"அப்பச் சரி" என்றார். தைலப் புட்டியை மூடினார். "திங்கக்கெழம மறுபடி கொழுந்து மலைக்கே போயிடுறேன். அவங்க மனசு மாறுனா சொல்லுங்க ரூபினி. அடியெல்லாம் பத்திரமா மண்ணுலதான் இருக்கு."