பருத்திமாரில் சுட்ட மீன்

பேரன் மொட்டைமாடியில் கம்பி அடுப்பு வைத்துக் கோழி சுடுகிறான். வாடையைப் பார்த்தால் ஒரு பக்கம் கருகிவிட்டது போலிருக்கிறது. அந்த வாடைக்கு எனக்கு எங்கள் ஐயா ஞாபகம் வரும். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் திருச்சுழிப் பக்கம் ஒரு ஊரில் இருந்தோம். நான் இரண்டாம் வகுப்பு. ஐயாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது, முற்றத்து வேப்பமரம் யாருக்கு என்பதில் பேச்சு முற்றிப்போய், நடுவில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். மரம் அது பாட்டுக்கு இரண்டு பக்கமும் நிழல் போட்டது. அண்ணனும் தம்பியும்தான் பேசிக்கொள்ளவில்லை.

அக்காவுக்குப் பந்தல்குடியில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். "மூத்தவுக சபையில உக்காராம நாங்க தட்டு மாத்த மாட்டோம்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஐயா போய்க் கூப்பிட மாட்டார். பெரியப்பா கூப்பிடாமல் வர மாட்டார். அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அக்கா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் கோடையில் கண்மாய் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடித்தது. ஐயா கொஞ்சம் கெண்டையும் இரண்டு பெரிய விராலும் கொண்டுவந்தார். எங்கள் குடும்பத்தில் மீன் சுடுவது எப்போதும் பெரியப்பாதான். கருவேலங்கரியைக் கனியவிட்டு, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் மீனை வைப்பார். அவசரப்பட்டு யாராவது கிட்டே போனால் வசவு விழும்.

ஐயா முள்வேலியை ஒட்டிக் கல்லைக் கூட்டினார். காற்று பெரியப்பா வீட்டுப் பக்கமாக அடித்தது. காய்ந்த பருத்திச் செடி, அதைப் பருத்திமார் என்போம், அதில் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொளுத்தினார். குப்பென்று எரிகிற தீயிலேயே கெண்டைகளைப் போட்டார். நான் மாட்டுக்கொட்டத்துக்கு ஓடிக் கரிச்சாக்கை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"அது கெடந்த எடத்துலயே கெடக்கட்டும், தாயி" என்றார்.

மீன் கருகியது. புகை வேலியைத் தாண்டியது. அந்தப் பக்கமிருந்து பெரியப்பா குரல், பெரியம்மாவிடம் பேசுவது போல, ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"என்னடி வாடை இது? மீனச் சுடுறானா, பொணத்தச் சுடுறானா?"

"உங்களுக்கென்ன? நீங்கதான் பேசுறதில்லையே" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா வேலி ஓரமாக வந்து நின்றார். அப்புறம், "ஏ புள்ள, மார வெளிய இழுத்துப் போடச் சொல்லு ஒங்கய்யாவ."

நான் ஐயாவைப் பார்த்தேன். "நம்ம மீனு, நம்ம தீயி. அவுகளுக்கு என்னன்னு கேளு" என்றார். நான் வேலியைப் பார்த்து அப்படியே கேட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் முள் மட்டும்தான். ஆனாலும் நான் சொன்னால்தான் காதில் விழும் போல நின்றார்கள்.

ஐயா இன்னொரு கை மாரை அள்ளித் தீயில் போட்டார்.

"ஏலே! கூறுகெட்டவனே! திருப்புலே!"

முள் சரசரத்தது. பெரியப்பா கவைக்கம்பால் வேலியை நெம்பித் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். வேட்டியில் முள் மாட்டிக் கிழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. ஐயா கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி, தீயைக் கலைத்து, "கரி எங்கலே?" என்றார். நான் மறுபடி சாக்கை இழுத்தேன்.

கரி கனிந்து சாம்பல் பூத்ததும், அம்மா அடுப்படியிலிருந்து இரண்டு விராலையும் எடுத்து வந்தாள். உப்பும் மிளகாயும் தடவி, இலைபோட்டு மூடி வைத்திருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நல்ல மீன் இருக்கும்போது கெண்டையை எதற்குக் கரியாக்க வேண்டும்?

பெரியப்பா விராலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஐயா தரையைப் பார்த்தபடி, "வெள்ளிக்கெழம பந்தல்குடிக்காரவுக வாராக" என்றார்.

"தெரியும்லே. ஒங்க வீட்ல பாயி பத்தாது. எங்க வீட்ல இருக்கு, எடுத்துக்க."

கதவோரம் நின்ற அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன், எங்கய்யாவுக்கு மீன் சுடவே தெரியாது என்று. வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.